தொழில்முறைக் கூடைப்பந்தில் தொடக்க ஐவரைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் யார் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்ற விவாதம், பெரும்பாலும் யார் யாரைவிடச் சிறந்தவர் என்ற விவாதமாகவே முடிந்துவிடுகிறது. பயிற்சியாளரின் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. ஆட்டம் முழுவதற்குமான நிமிடங்களை எப்படிப் பங்கிடுவது, அந்தப் பங்கீட்டின் முதல் வரியில் யாருடைய பெயர்களை எழுதுவது என்பதே அவருடைய கவலை. கீழே உள்ள விடைகள் அந்தக் கோணத்திலிருந்து எழுதப்பட்டவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.விலிருந்து வருகின்றன, சர்வதேச விதிகளின்படி நடக்கும் ஆட்டங்களில் கணக்கு மாறும் இடங்களைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

தொடக்க ஐவர் என்றால் அணியின் மிகச் சிறந்த ஐந்து வீரர்கள் என்றுதானே பொருள்?

பெரும்பாலான அணிகளில் அந்த ஐவரில் மூன்று அல்லது நான்கு பேர் அப்படித்தான் இருப்பார்கள். ஐந்தாவது இடத்துக்கு வரும்போதுதான் பயிற்சியாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது. என்.பி.ஏ. ஆட்டம் தலா 12 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக 48 நிமிடங்கள் நடக்கிறது. எந்நேரமும் களத்தில் ஐந்து பேர் இருப்பதால், பங்கிட வேண்டிய மொத்த ஆட்ட நேரம் 240 நிமிடங்கள். தொடங்கும் ஐவரும் சராசரியாக 33 நிமிடங்கள் ஆடினாலும் 165 நிமிடங்கள்தான் நிரம்பும். மீதமுள்ள 75 நிமிடங்களை மாற்று வீரர்களே ஆட வேண்டியிருக்கும்.

ஐவரும் ஒருவர்கூட மாறாமல் சேர்ந்து களத்தில் நிற்கும் நேரம் இதைவிடவும் குறைவு. முதல் கால்பகுதியின் முதல் ஐந்தாறு நிமிடங்கள், மூன்றாம் கால்பகுதியின் முதல் ஐந்தாறு நிமிடங்கள், ஆட்டம் நெருக்கமாக இருந்தால் கடைசிச் சில நிமிடங்கள் என்று கூட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நின்றுவிடுகிறது. எனவே, பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தக்கூடிய மூவரையும் தொடக்கத்திலேயே ஒன்றாக இறக்கிவிட்டால், அந்த மூவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் களைப்படைவார்கள். அவர்கள் ஓய்வெடுக்கும்போது பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாத ஐந்து பேர் களத்தில் நிற்பார்கள். முதல் ஆறு நிமிடங்களில் சேர்த்த முன்னிலையை அடுத்த ஆறு நிமிடங்களில் இழக்கும் அணிகளைப் பார்த்தால், குறை பல நேரங்களில் மாற்று வீரர்களின் திறமையில் இல்லாமல் இந்தப் பங்கீட்டில் இருப்பது தெரியும்.

அப்படியானால் தேர்வை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முடிவிலிருந்து தொடங்குவது நல்லது. நெருக்கமான ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் களத்தில் யார் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, அணியின் முதன்மை வீரர் ஓய்வெடுக்கும் நிமிடங்களைக் குறித்து, அந்த நேரத்தில் தாக்குதலை யார் நடத்துவார் என்று முடிவு செய்ய வேண்டும். இவ்விரண்டும் தெளிவான பிறகு தொடக்க ஐவரில் எஞ்சியிருப்பது ஓரிரு இடங்கள்தான்.

அந்த ஓரிரு இடங்களை நிரப்பும்போது முதன்மை வீரருக்கு எது தேவை என்று கேட்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு முதன்முறையாகப் பட்டம் வென்ற டென்வர் நகெட்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த அணியின் தாக்குதல் முழுவதும் நிகோலா யோகிச்சின் கைகள் வழியாகவே நடந்தது. அவருடன் ஸ்கிரீன் (தடுப்பாட்டக்காரரின் வழியை உடலால் மறிப்பது) ஆட்டம் ஆட ஜமால் மரே, தொலைவிலிருந்து எறிய மைக்கேல் போர்ட்டர், எதிரணியின் சிறந்த கார்டை (பந்தைக் கையாளும், பொதுவாக உயரம் குறைந்த வீரரை) துரத்திப் பிடிக்கவும் மூலையிலிருந்து எறியவும் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், வளையத்தை நோக்கி வெட்டி ஓடவும் எதிரணியின் பெரிய ஃபார்வர்டுகளைத் தடுக்கவும் ஆரன் கோர்டன் என்று ஒவ்வொருவரும் யோகிச்சின் ஒரு தேவையை நிறைவேற்றினார்கள். முந்தைய அணியில் அதிகம் பந்தை வைத்து ஆடிய கோர்டன் இங்கே பந்தில்லாமல் ஓடும் வேலையை ஏற்றுக்கொண்டார். அவரைவிட அதிகப் புள்ளிகள் குவிக்கும் ஒருவரை அதே இடத்தில் வைத்திருந்தால் அந்த ஐவர் வலுப்பெற்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து நிலைகளுக்கும் ஒவ்வொருவர் கட்டாயம் தேவையா?

பாயின்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு, ஸ்மால் ஃபார்வர்டு, பவர் ஃபார்வர்டு, சென்டர் என்ற ஐந்து பெயர்களை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. விதிப்படி களத்தில் ஐந்து பேர் இருந்தால் போதும். பெயர்களைவிட வேலைகளை எண்ணிப் பார்ப்பதே பயன் தரும்: எதிரணியின் அழுத்தத்துக்கு நடுவே பந்தை முன்னே கொண்டுசெல்ல யார், முதல் தாக்குதல் முறிந்தபின் தானாகவே ஒரு ஷாட்டை உருவாக்க யார், எதிரணியின் முதன்மை வீரரைத் தடுக்க யார், வளையத்தைக் காக்க யார், தடுப்பாட்டத்துக்குப் பின் ரீபவுண்டை (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை) எடுத்து முடிக்க யார். ஒரே வீரர் இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஆனால் எந்த வேலைக்கும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

2024-ஆம் ஆண்டு பட்டம் வென்ற பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஜ்ரூ ஹாலிடே, டெரிக் வைட், ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் ஆகியோர் தொடங்கினார்கள். அவர்களில் யார் பாயின்ட் கார்டு என்று கேட்டால் உறுதியாக ஒரு பெயரைச் சொல்வது கடினம். நால்வர் பந்தைக் கொண்டுவருவார்கள், ஐவரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவார்கள்.

தொலைவிலிருந்து எறியும் திறன் எத்தனை பேருக்கு வேண்டும்?

இன்றைய ஆட்டத்தில் குறைந்தது மூவருக்கு என்பது என் கணக்கு. நால்வருக்கு இருந்தால் நிம்மதி. காரணம் எளிது. எறியத் தெரியாத ஒருவரை எதிரணி காவலின்றி விட்டுவிட்டு, அவரைத் தடுக்க வேண்டிய வீரரை வளையத்துக்கு அருகில் நிறுத்திவிடும். என்.பி.ஏ.வில் தாக்குபவர் எவரையும் அருகிலிருந்து காக்காமல் வளையத்தின் கீழுள்ள பகுதியில் மூன்று விநாடிகளுக்கு மேல் நிற்பது தடுப்பாட்டக்காரருக்குத் தவறு. அதனால் அவர் உள்ளே நுழைவதும் வெளியேறுவதுமாக இருப்பார். இருந்தாலும், எறியத் தெரியாதவர்கள் இருவர் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தால் வளையத்துக்கான வழி ஏறத்தாழ மூடிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எறியத் தெரியாமல் இருப்பதும் பயனில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. வலுவாக ஸ்கிரீன் போட்டு உடனே வளையத்தை நோக்கித் திரும்பி ஓடும் சென்டர், வெளியிலிருந்து ஒரு பந்துகூட எறியாமலேயே இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன்னோடு இழுத்துச் செல்வார். சிக்கல் தருபவர் வேறொருவர்: எறியவும் மாட்டார், ஸ்கிரீனும் போட மாட்டார், பந்து கையில் இல்லாதபோது ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். அத்தகையவர் எத்தனை திறமையானவராக இருந்தாலும், பந்தை அவருடைய கையிலேயே கொடுக்கக்கூடிய இரண்டாம் அணியோடு (மாற்று வீரர்களின் குழுவோடு) ஆடுவதே அவருக்கும் அணிக்கும் நல்லது.

சதவீதத்தோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு முறை, அதுவும் முற்றிலும் காவலற்று நிற்கும்போது மட்டும் எறிந்து 40 சதவீதம் வைத்திருப்பவரைவிட, ஆட்டத்துக்கு ஏழு முறை எறிந்து 36 சதவீதம் வைத்திருப்பவரிடம்தான் எதிரணி ஒட்டி நிற்கும்.

தாக்குதலா, தடுப்பாட்டமா: ஐந்தாவது இடத்துக்கு எதை முன்னிறுத்துவது?

நான்கு பேரில் ஏற்கெனவே இருவரோ மூவரோ புள்ளி குவிப்பவர்களாக இருந்தால் ஐந்தாவது இடம் தடுப்பாட்டக்காரருக்கே போக வேண்டும். பந்து ஒன்றுதான் இருக்கிறது. நான்காவது புள்ளி குவிப்பாளரின் கைக்கு அது அரிதாகவே வரும். தடுப்பாட்டம் அப்படிப் பங்கு போடப்படுவதில்லை. எதிரணி பந்தோடு வரும் ஒவ்வொரு முறையும் ஐவரும் அதில் பங்கேற்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எதிரணிகள் இன்று பலவீனமான தடுப்பாட்டக்காரரைத் தேடிப் பிடிக்கின்றன. அவர் காக்கும் வீரரை ஸ்கிரீன் போட அழைத்து, ஆட்களை மாற்றிக்கொள்ளச் செய்து, தங்கள் சிறந்த வீரரை அவருக்கு எதிரே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே தொடக்க ஐவரில் ஒரு பலவீனமான தடுப்பாட்டக்காரரைச் சுற்றியிருக்கும் நால்வர் மறைத்துவிட முடியும். இருவர் இருந்தால் ஒருவரை மறைக்கும்போதே மற்றவர் அகப்பட்டுக்கொள்வார்.

தடுப்பாட்டத்தை முதன்மையாக வைத்துக் கட்டப்பட்ட ஐவர் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு 2004-ஆம் ஆண்டின் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியையே இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். சான்சி பில்லப்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், டேஷான் பிரின்ஸ், ரஷீத் வாலஸ், பென் வாலஸ் ஆகிய ஐவர், ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகியோரைக் கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை இறுதித் தொடரில் 4-1 என்று வென்றார்கள். ரஷீத் வாலஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அணிக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளையத்தைக் காக்கவும் வெளியே எறியவும் தெரிந்த உயரமான ஒருவர் வந்ததும் மற்ற நால்வரின் வேலைகளும் தெளிவாகிவிட்டன.

உயரமான இருவரை ஒன்றாகத் தொடங்கவைப்பது காலாவதியான முறையா?

இல்லை. சில ஆண்டுகள் அப்படி ஒரு பேச்சு பரவலாக இருந்தது. அதை ஆட்டங்களே மறுத்துவிட்டன. 2023-24 பருவத்தில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் ரூடி கோபேரையும் கார்ல்-ஆன்டனி டவுன்ஸையும் ஒன்றாகத் தொடங்கவைத்து லீக்கிலேயே மிகச் சிறந்த தடுப்பாட்டத்தைக் கொண்டிருந்தது. டவுன்ஸ் தொலைவிலிருந்து நன்றாக எறிபவர் என்பதால் தாக்குதலில் இடநெருக்கடி ஏற்படவில்லை. இருவரில் ஒருவருக்காவது வெளியிலிருந்து எறியும் திறனோ வளையத்திலிருந்து சற்றுத் தள்ளி நின்று பந்தைப் பகிரும் திறனோ இருக்க வேண்டும். ஒருவராவது வேகமான சிறிய வீரரை மூன்று புள்ளிக் கோடு வரை சென்று தடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால் கூடுதல் உயரம் ரீபவுண்டில் தரும் ஆதாயத்தை மறுப்பதற்குக் காரணமே இல்லை.

ஒரு சிறந்த வீரரைத் தெரிந்தே பெஞ்சில் வைப்பது சரியா?

சில அணிகளில் அதுவே மிகச் சரியான முடிவாக இருந்திருக்கிறது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் மனு ஜினோபிலி நான்கு பட்டங்களில் பங்குபெற்றவர், தன் என்.பி.ஏ. வாழ்க்கையின் 1,057 வழக்கமான பருவ ஆட்டங்களில் 349-இல் மட்டுமே தொடக்க ஐவரில் இருந்தார். பெஞ்சிலிருந்து வரும் சிறந்த வீரருக்கான ஆறாவது வீரர் விருதைப் பெற்ற 2007-08 பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 31 நிமிடங்கள் ஆடி 19.5 புள்ளிகள் எடுத்தார். நிமிடங்களைப் பார்த்தால் அவர் தொடக்க வீரர்தான்; அந்த நிமிடங்கள் வேறு இடத்தில் வைக்கப்பட்டிருந்தன, அவ்வளவே. டோனி பார்க்கரும் டிம் டங்கனும் ஓய்வெடுக்கும்போது ஜினோபிலி எதிரணியின் மாற்று வீரர்களுக்கு எதிராகப் பந்தைத் தன் கையில் வைத்து ஆடினார். மூவரும் ஒன்றாகத் தொடங்கியிருந்தால் அவருக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்திருக்காது. நெருக்கமான ஆட்டங்களின் முடிவில் மூவரும் ஒன்றாகவே களத்தில் இருந்தார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டில் காரணம் வேறு. 2014-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஸ்டீவ் கெர், அதுவரை தான் ஆடிய 758 வழக்கமான பருவ ஆட்டங்களையும் தொடங்கியிருந்த ஆண்ட்ரே இகுவோடாலாவைப் பெஞ்சிலிருந்து வரும்படி கேட்டார். முந்தைய பருவத்தில் பெஞ்சிலிருந்து வந்து தடுமாறிய இளம் வீரர் ஹாரிசன் பார்ன்ஸ் தொடக்க ஐவரில் சேர்க்கப்பட்டார். இருவரில் இகுவோடாலாவே சிறந்தவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் தொடக்க ஐவரோடு ஆடும்போது பார்ன்ஸ் செய்ய வேண்டியது குறைவு, எளிது. இரண்டாம் அணியை நடத்தும் பொறுப்போ அனுபவமுள்ளவருக்கு உரியது. அந்த ஏற்பாடு அந்த அணிக்கு 67 வெற்றிகளையும் பட்டத்தையும் பெற்றுத் தந்தது.

பெஞ்சுக்கு அனுப்பப்படும் வீரரிடம் இதை எப்படிச் சொல்வது?

செய்தியாளர்களிடமிருந்து தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. நேரில், தனியாக, முடிவெடுத்தவரே சொல்ல வேண்டும். அதோடு அவருடைய நிமிடங்கள் எத்தனை, எந்த நேரத்தில் களமிறங்குவார், ஆட்டத்தின் முடிவில் அவர் இருப்பாரா என்ற மூன்றுக்கும் விடையோடு சென்று பேச வேண்டும். இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றுக்கு விடை இல்லாமல் பேசப் போகும் பயிற்சியாளர் அந்த வீரரின் நம்பிக்கையை இழக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இதைத் தன்மானத்தின் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறவர்கள் பணத்தை மறந்துவிடுகிறார்கள். என்.பி.ஏ.வின் கூட்டு ஒப்பந்தப்படி, முதல் ஒப்பந்தம் முடியும் இளம் வீரருக்கு அணி முன்வைக்க வேண்டிய தகுதிச் சலுகையின் (அவரைத் தக்கவைக்கும் உரிமைக்கான ஓராண்டு ஒப்பந்தத்தின்) தொகை, அவர் ஒரு பருவத்தில் 41 ஆட்டங்களைத் தொடங்கினாரா அல்லது 2,000 நிமிடங்கள் ஆடினாரா என்பதைப் பொறுத்து மாறக்கூடும். ஓர் இளம் வீரர் தொடக்க இடத்துக்காக வாதாடினால் அதைக் கர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது.

மூத்த வீரர்களிடம் நிலைமை வேறு. 2024 பிப்ரவரியில், பல ஆண்டுகளாகத் தொடக்க வீரராகவே இருந்த கிளே தாம்சனை வாரியர்ஸ் பெஞ்சிலிருந்து இறக்கியபோது, யூட்டா ஜாஸுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்தில் அவர் 35 புள்ளிகள் எடுத்தார். எல்லோருக்கும் அப்படி நடக்காது.

ஐவர் கூட்டணிகளின் பிளஸ்-மைனஸ் எண்களை எவ்வளவு நம்பலாம்?

பிளஸ்-மைனஸ் என்பது ஒரு கூட்டணி களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளிகளுக்கும் கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள வேறுபாடு. பருவத்தின் தொடக்கத்தில் அதை மிகக் குறைவாகவே நம்ப வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். ஒரு கூட்டணி ஆட்டத்துக்கு 15 நிமிடங்கள் சேர்ந்து ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்.பி.ஏ. வேகத்தில் அது ஓர் அணிக்குச் சுமார் 31 பந்துரிமைகள், அதாவது பந்தோடு தாக்கும் வாய்ப்புகள். பத்து ஆட்டங்களில் ஏறத்தாழ 310. அந்தப் பந்துரிமைகளில் அவர்கள் சுமார் 100 மூன்று புள்ளி ஷாட்களை எறிவார்கள். உண்மையில் 36 சதவீதம் எறியக்கூடிய வீரர்களாக இருந்தாலும், 36 விழ வேண்டிய இடத்தில் 31 விழுவதோ 41 விழுவதோ வெறும் தற்செயலாலேயே எளிதில் நடக்கும். அந்த ஐந்து ஷாட்களின் மதிப்பு 15 புள்ளிகள். எதிரணியின் ஷாட்களும் அதேபோல் மறுபக்கம் சாய்ந்தால் மொத்தம் 30 புள்ளிகள். அதாவது 100 பந்துரிமைகளுக்கு ஏறத்தாழ 10 புள்ளிகள். லீக்கின் முதலிடத்தில் இருக்கும் அணிக்கும் நடுவில் இருக்கும் அணிக்கும் இடையிலான வேறுபாடே பெரும்பாலும் அந்த அளவுதான். ஆக, பத்து ஆட்டங்களின் எண்ணைக் காட்டி ஓர் ஐவரைக் கலைப்பதும் கொண்டாடுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

பதினைந்து வீரர்களிலிருந்து ஐவரைத் தேர்ந்தெடுக்க 3,003 வழிகள் இருக்கின்றன. சுழற்சியில் உள்ள பத்துப் பேரை மட்டும் எடுத்தாலும் 252 வழிகள். எந்தப் பயிற்சியாளராலும் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் ஐவர் கூட்டணியைவிட இருவர், மூவர் இணைகளின் எண்களைப் பார்ப்பது மேல். அவை பல கூட்டணிகளில் கலந்து வருவதால் நிமிடங்கள் அதிகம் சேர்கின்றன. அதனுடன் விழுந்த ஷாட்களை விட்டுவிட்டு உருவான ஷாட்களைப் பார்க்க வேண்டும்: வளையத்துக்கு அருகில் எத்தனை, மூலையிலிருந்து காவலற்று எத்தனை, எத்தனை முறை பந்தை இழந்தார்கள், எதிரணிக்கு எத்தனை இரண்டாம் வாய்ப்புகளைக் கொடுத்தார்கள். இவை மூன்று புள்ளி சதவீதத்தைவிட விரைவில் நிலைபெறுகின்றன. இவற்றோடு ஆட்டத்தின் காணொளியும் ஒத்துப்போனால் பதினைந்து இருபது ஆட்டங்களிலேயே ஓரளவு தெளிவு கிடைக்கும்.

எதிரணிக்கு ஏற்பத் தொடக்க ஐவரை மாற்றலாமா?

வழக்கமான பருவத்தில் தேவையில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஐவரை மாற்றும் அணியில் யாருக்கும் தன் வேலை பழகாது. பருவம் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் தொடரில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை ஆட வேண்டியிருப்பதால் கணக்கு மாறுகிறது.

அண்மைக்கால வரலாற்றில் மூன்று இறுதித் தொடர்கள் இதற்குச் சான்றாகச் சொல்லப்படுகின்றன. 2011-இல் மயாமி ஹீட்டிடம் 1-2 என்று பின்தங்கியிருந்த டாலஸ் மேவரிக்ஸின் பயிற்சியாளர் ரிக் கார்லைல், நான்காவது ஆட்டத்தில் டிஷான் ஸ்டீவன்சனுக்குப் பதிலாகக் குள்ளமான கார்டு ஜே.ஜே. பரேயாவைத் தொடங்கவைத்தார், டாலஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. 2014-இல் தொடர் 1-1 என்று இருந்தபோது ஸ்பர்ஸின் கிரெக் பாப்போவிச், சென்டர் டியாகோ ஸ்பிளிட்டருக்குப் பதிலாகப் பந்தைப் பகிரத் தெரிந்த போரிஸ் டியாவைத் தொடங்கவைத்தார். அடுத்த மூன்று ஆட்டங்களை ஸ்பர்ஸ் 19, 21, 17 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது. 2015-இல் கிளீவ்லாந்திடம் 1-2 என்று பின்தங்கியிருந்த வாரியர்ஸ், நான்காவது ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை நீக்கிவிட்டு, மேலே சொன்ன அதே இகுவோடாலாவைத் தொடங்கவைத்து அடுத்த மூன்றையும் வென்றது. வழக்கமான பருவத்தில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காத அவர் இறுதித் தொடரின் மிகச் சிறந்த வீரரானார்.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு: புதிதாகத் தொடங்கியவர் யாரும் புதியவர் அல்லர். பரேயாவும் டியாவும் இகுவோடாலாவும் அதற்கு முன்பே அந்த மற்ற நால்வரோடு நிறைய ஆடியிருந்தார்கள். மாறியது அவர்கள் களமிறங்கும் நேரம்.

மாற்றம் எப்போதும் பலன் தருவதில்லை என்பதற்கு 2025 இறுதித் தொடரைப் பார்க்கலாம். இண்டியானா பேசர்ஸின் வேகத்தைச் சமாளிக்க, ஓக்லஹோமா சிட்டி தண்டரின் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட் முதல் ஆட்டத்திலேயே சென்டர் ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைனுக்குப் பதிலாக கார்டு கேசன் வாலஸைத் தொடங்கவைத்தார். முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை இழந்தபின், நான்காவது ஆட்டத்தில் ஹார்ட்டன்ஸ்டைனும் செட் ஹோம்கிரனும் சேர்ந்த உயரமான பழைய ஐவருக்கே திரும்பினார். தொடரை 4-3 என்று வென்றார். தான் செய்த மாற்றத்தைத் தானே திரும்பப் பெறும் துணிவு, மாற்றுவதற்கான துணிவைவிட அரிது.

தொடக்க வீரர் ஒருவர் காயமடைந்தால் அவர் இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது?

பெஞ்சில் இருக்கும் மிகச் சிறந்த வீரரை உடனே மேலே ஏற்றத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு காயம் இரண்டு குழுக்களையும் குலைத்துவிடுகிறது. குறுகிய காலக் காயம் என்றால், அதே வகை வேலையைச் செய்யக்கூடிய எட்டாவது அல்லது ஒன்பதாவது வீரரைத் தொடங்கவைத்து, அவருக்கு 15 நிமிடங்கள் மட்டும் கொடுத்து, ஆறாவது வீரரின் நிமிடங்களை உயர்த்துவது நல்ல வழி.

நீண்ட காலக் காயத்தில் செல்டிக்ஸ் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2024 பிளே-ஆஃபின் முதல் சுற்றில் போர்சிங்கிஸ் காயமடைந்தபோது, மூத்த வீரர் அல் ஹோர்ஃபோர்ட் தொடக்க ஐவருக்கு வந்தார். எறியத் தெரிந்த உயரமானவர் என்பதால் மற்ற நால்வரின் ஆட்டம் மாறவில்லை. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்துக்குப் போர்சிங்கிஸ் திரும்பியபோதும் ஹோர்ஃபோர்டே தொடங்கினார். போர்சிங்கிஸ் பெஞ்சிலிருந்து வந்து 20 புள்ளிகள் எடுத்தார்.

ஆட்டத் தொடக்கத்திலேயே இரண்டு ஃபவுல்கள் வாங்கும் பழக்கமுள்ளவரைத் தொடங்கவைக்கலாமா?

என்.பி.ஏ.வில் ஆறாவது ஃபவுலோடுதான் வெளியேற வேண்டும் என்பதால், அது மட்டுமே ஒருவரை விலக்கக் காரணமாகாது. முதல் கால்பகுதியில் இரண்டு ஃபவுல்கள் வாங்கிய வீரரை இடைவேளை வரை உட்காரவைக்கும் பயிற்சியாளர், நடுவர் செய்யக்கூடியதைத் தானே முன்கூட்டிச் செய்துவிடுகிறார். சர்வதேச விதிகளில் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேற வேண்டும் என்பதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை.

முதல் பந்துத் தாவலை வெல்வதற்காக உயரமானவரைத் தொடங்கவைப்பதில் பலன் உண்டா?

இல்லை. ஆட்டத்தைத் தொடங்க நடுவர் மேலே எறியும் பந்துக்காக இருவர் தாவுவதே இந்தத் தாவல். என்.பி.ஏ.வில் தாவலை இழந்த அணிக்கு இரண்டாம், மூன்றாம் கால்பகுதிகளின் தொடக்கத்தில் பந்து கிடைத்துவிடுகிறது. வென்ற அணிக்கு நான்காம் கால்பகுதியில் கிடைக்கிறது.

40 நிமிட ஆட்டங்களில் இந்தக் கணக்குகள் எப்படி மாறுகின்றன?

சர்வதேச விதிகளின்படி தலா 10 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். பங்கிட வேண்டியவை 200 நிமிடங்கள். முதன்மை வீரர் 30 நிமிடங்கள் ஆடினாலே ஆட்டத்தின் முக்கால் பங்கு முடிந்துவிடுகிறது. வளையத்தின் கீழ்ப் பகுதியில் தடுப்பாட்டக்காரர் எவ்வளவு நேரமும் நிற்கலாம். மூன்று புள்ளிக் கோடும் 6.75 மீட்டரிலேயே இருக்கிறது, என்.பி.ஏ.வின் 7.24 மீட்டரோடு ஒப்பிட்டால் களம் சுருங்கியதுபோல் ஆகிறது. எனவே எறியத் தெரியாத ஒருவரைத் தொடங்கவைப்பதற்கான விலை இங்கே கூடுகிறது. காலால் மெதுவான, ஆனால் உயரமான சென்டரை மறைத்துவைப்பது எளிதாகிறது. என்.பி.ஏ.வில் வெற்றிபெற்ற ஓர் அமைப்பை அப்படியே எடுத்து இங்கே நடும் பயிற்சியாளர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

தொடக்க ஐவரை எப்போது அறிவிக்க வேண்டும்?

என்.பி.ஏ.வில் ஆட்டம் தொடங்குவதற்கு 30 நிமிடங்களுக்கு முன்பு. கடைசி நேரத்தில் மாற்றி எதிரணியைத் திகைக்கவைக்கலாம் என்ற திட்டத்துக்கு அதன்பின் அதிக இடமில்லை.

சரிவரச் செயல்படாத ஐவரை எத்தனை ஆட்டங்கள் பொறுத்துக்கொள்வது?

காரணத்தைப் பொறுத்தது. நல்ல ஷாட்கள் உருவாகியும் விழாமல் இருந்தால் இருபது ஆட்டங்கள்கூடப் பொறுக்கலாம். ஷாட்களே உருவாகாமல், பந்து ஒரே பக்கத்தில் தேங்கி, ஒவ்வோர் இரவும் அதே வீரர் அதே முறையில் தடுப்பாட்டத்தில் அகப்பட்டால் ஐந்தாறு ஆட்டங்கள் போதும். அது பொறுத்திருந்தால் சரியாகும் வகைச் சிக்கல் அல்ல. மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் மாற்ற வேண்டும். இருவரைச் சேர்த்து மாற்றினால், பிறகு வரும் முன்னேற்றத்துக்கு யார் காரணம் என்று பயிற்சியாளருக்கே தெரியாமல் போய்விடும். மாற்றத்துக்குப் பிறகு முதலில் கவனிக்க வேண்டியதும் புதிய ஐவரை அல்ல. இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில், முதன்மை வீரர் பெஞ்சில் அமர்ந்திருக்கும் அந்த நான்கைந்து நிமிடங்களில் அணி தாக்குப்பிடிக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.